சங்குமுனையில் ஆடாத நிலம்

அத்தியாயம் ஆறு

"முப்பது பேர் ஆடல்லயெண்டு சொன்னா நான் எப்பிடி ஆடினதெண்டு—"

"காக்கா, தோப்பூருக்கு ஆடியிரிக்கு, கிளிவெட்டிக்கு ஆடியிரிக்கு, திரியாய்க்கும்—"

"—கோட்டில போய்ச் சொல்ற? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"—ஆடியிரிக்கு. நடுவில கிடக்கிற சங்குமுனைக்கு மட்டும் பூமி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டா போனது?"

"லாபிர், பகிடி விடாத!"

"நான் பகிடி விடல்ல. உங்கட படந்தான் பகிடி விடுது!"

இருவருக்கும் நடுவே கதிரையில் இருந்த இரத்தினேஸ்வரி இரண்டு பக்கமும் காதைக் கொடுத்திருந்தாள். திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் பாதி ஆயுளைக் காதில் குழாய் மாட்டிக்கொண்டே கழித்தவள் அவள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் இரண்டையும் பிரித்துக் கேட்பாள். வேலையை விட்ட பிறகு, காணாமற்போன நகை, களவுபோன மாடு, சொல்லாமல் ஓடிய மருமகன் என்று சனம் கொண்டுவந்த சங்கதிகளுக்கெல்லாம் துப்புத் துலக்கிப் பெயர் எடுத்திருந்தாள். எந்த முகத்தைப் பார்த்தும் அவள் ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை. எல்லாம் கதையைக் கேட்டுக் கண்டுபிடித்தவைதான்.

கத்தியவர்களில் இளையவன் லாபிர். கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகை இழுத்தவன். இப்போது அவளுடைய பழைய ஒஸ்ரின் காருக்குச் சாரதி, அவளுக்கு உதவியாள். மூத்தவர் தாஹிர்; லாபிருக்குக் காக்கா, அண்ணன் முறை. மூதூர்க்காரர். பூமியதிர்ச்சியைப் படிக்கவென்று துறைமுகத்துக்கு மேலே ஒற்றை அறையையும் ஒற்றைக் கருவியையும் கொடுத்து அவரை அங்கே இருத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியும் இப்போது, இவர்கள் இருந்த இந்த அறையின் மூலையில், மரப்பெட்டிக்குள் ஆணி அடித்துக் கிடந்தது. திருப்பி அனுப்பு என்று கொழும்பிலிருந்து தந்தி வந்திருந்தது. ஏன் என்று தாஹிர் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு வல்லிபுரத்துக்கு வழக்கு," என்றாள் இரத்தினேஸ்வரி. "ரெண்டு பேரும் கத்தி முடிஞ்சால் அதைக் கதைப்பம்."

வழக்கு இதுதான். கன்னியாவுக்கு அப்பாலுள்ள கல்மலையில் பாறைக்கு வெடி வைக்கிறவர் வல்லிபுரம். குழிகளில் வெடிமருந்து இறுக்கிய பிறகு மூன்று தரம் விசில் ஊதி, ஆட்கள் ஒதுங்கிய பிறகுதான் வெடிப்பார். அந்த வெள்ளிக்கிழமை விடியற்புறம் விசில் கேட்கவில்லை. வெடி மட்டும் கேட்டது. கீழே கல்லுடைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் செத்துப்போனார்கள். 'நான் வெடிக்கவில்லை. நிலம் குலுங்கினது. மேலேயிருந்த பாறை உருண்டு வந்து மருந்துக் குழியில் விழுந்தது' என்று வல்லிபுரம் சொன்னார். பொலிசில் ஒருவரும் நம்பவில்லை. அவர் மனைவி பூரணம் இரத்தினேஸ்வரியின் வாசலில் வந்து விழுந்து அழுதாள். நிலம் குலுங்கினதென்று காட்டினால் வல்லிபுரம் வீட்டுக்கு வருவார். காட்டாவிட்டால் மறியற் சிறைக்குப் போவார். நடுவில் வேறு வழி கிடையாது.

"அக்கா, எனக்கும் ஆடினது," என்றான் லாபிர். "தேத்தண்ணிக் கோப்பை மேசையில நடந்து வந்திச்சு. நானே சாட்சி சொல்றனே?"

"நீ பூரணம் துப்புப் பாக்க வைச்ச ஆள்," என்றார் தாஹிர். "அக்காவும் அப்பிடித்தான். உங்க ரெண்டு பேர்ட வாயும் கோட்டில செல்லாது."

"நாளைக்குச் சாட்சிக்கு வாற சுடுநீர்க் கம்பனி எஞ்சினியர் என்ன சொல்லப்போறார்?" என்று இரத்தினேஸ்வரி கேட்டாள்.

"இலங்கையில பூமியதிர்ச்சி இல்ல, அது சுமாத்திராப் பக்கத்துச் சங்கதி எண்டு சொல்லப்போறார். அங்க கடலடித் தரை தீவுக்குக் கீழ பூந்து போகுது. போற வழியில சிக்கி, இறுகி, எப்பவாவது விடுபட்டுக் குலுங்குது. அது மெய்தான் அக்கா. அந்த மெய்யை வைச்சுத்தான் இந்த மெய்யை மூடப்போறார்."

"இந்த மெய் என்ன?"

தாஹிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கன்னியாவில வெந்நீர் சும்மா வருதா? கீழ பாறையில பிளவு இரிக்கு. ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு எத்தனையோ காலமா நிண்டது. கம்பனிக்காரர் சுடுநீர் எடுக்கிறமெண்டு ஆழத்துக்குத் துளை போட்டு, பம்ப் வைச்சுத் தண்ணியை உள்ளுக்கு அமத்துறாங்க. அந்தத் தண்ணி பிளவுக்குள்ள போனா பிடி தளரும். தளந்தா வழுக்கும்."

"சவர்க்காரம் போட்ட கையில செம்பு மாதிரி," என்றான் லாபிர்.

"அதேதான். விபத்தோட பம்பை நிப்பாட்டினாங்க. இந்தத் திங்கட்கிழமை திரும்பத் தொடங்கியிட்டாங்க. இன்னும் குலுங்கும். நான் பெட்டியில ஆணி அடிச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிரிக்கப் போறன்."

"அண்டைக்கு உங்கடை கருவியின்ரை ஊசி ஒண்டும் கீறேல்லையோ?"

"கீறினது. குலுக்கமும் வெடியும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. முழுக்க வெடிதான் எண்டுறார் எஞ்சினியர். மூண்டு இடத்தில மூண்டு ஊசி இருந்தா முதல் அடி எங்க எண்டு காட்டுவன். எனக்குத் தந்தது ஒண்டு. அதாலதான் சனத்தை ஊசியாக்கினன்."

மேசையில் மாவட்டப் படம் விரித்திருந்தது. ஊர் ஊராகப் போய், 'அந்த விடியலில் நிலம் குலுங்கினதா' என்று கேட்டு, ஓம் என்ற வீட்டுக்கு ஒரு சிவப்பு மஞ்சாடி விதை, இல்லை என்ற வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி என்று தாஹிர் படத்தில் ஒட்டியிருந்தார். தூரத்து ஊர்களெல்லாம் சிவப்பு. கல்மலைக்குக் கிட்டக் கிடந்த கரையோரம் முழுக்க வெள்ளை. சங்குமுனையின் முப்பது வீட்டில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"கிட்ட இருக்கிறவனுக்குத் தெரியாத குலுக்கம் தூர இருக்கிறவனுக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு கேப்பாங்க. தோப்பூரான் காசு வாங்கினவனெண்டு சொல்லுவாங்க. அதோட சரி."

"மணல் நிலத்திலை ஆட்டம் குறையுமோ?"

"குறையாது, கூடும்."

இரத்தினேஸ்வரி எழுந்து படத்தின்மேல் குனிந்தாள். கிண்ணியாவில் மட்டும் சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன.

"இஞ்சை என்ன, ரெண்டும் கிடக்கு?"

"சில பேர் ஓமெண்டாங்க. சில பேர் இல்லயெண்டாங்க."

"இல்லையெண்ட ஆக்களுக்கு என்ன தொழில்?"

தாஹிர் யோசித்தார். "தோணிக்காரர்."

"ஓமெண்ட ஆக்கள்?"

"வயல்காரர். ரெண்டு கடைக்காரர்."

"வீடுகள் தூர தூரவோ?"

"ஒரு வேலிதான் நடுவில..." சொல்லிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார்.

"தாஹிர் ஐயா, நீங்கள் பூமியைத்தான் படிச்சனீங்கள். பூமி தொழில் கேட்டு ஆடாது."

லாபிர் கைதட்டினான். "வயல்காரனைக் கட்டிலோட உருட்டியிட்டு, பக்கத்து வாசலில நிண்டு, 'நீங்க கடல் தொழிலா வாப்பா? மன்னிச்சுக்கொள்ளுங்க, படுங்க' எண்டு போயிருக்கு!"

"காரை எடு," என்றாள் இரத்தினேஸ்வரி. "கடல் தொழில்காரர் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லுறினம். ஏனெண்டு கேட்டுக்கொண்டு வருவம்."

சங்குமுனைக்குப் போகிற வழி முழுவதும் பள்ளம். பாண் கடைகளுக்கு முன்னால் ரொட்டிக்கு நின்ற கியூ இன்னும் கலையவில்லை. "இந்தக் காரில போறவனுக்குப் பூமியதிர்ச்சி வந்தாத் தனியாத் தெரியாது அக்கா," என்று லாபிர் சொன்னான். அவள் சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு அவளுக்கு இந்த வழக்கில் ஒரு நூல் நுனி கையில் தட்டுப்பட்டிருந்தது.

தங்கத்துரைச் சம்மாட்டி வாடிக் கொட்டிலின் நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சங்குமுனையில் இரண்டு கரைவலைக்குச் சொந்தக்காரர். வாடியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் அதே வேலையாக இருந்தார்கள். காரைக் கண்டதும் எல்லோருடைய கதையும் நின்றது.

"அண்ணை, அந்த வெள்ளிக்கிழமை விடிய—"

"இஞ்சை ஒருத்தரும் மீனுக்கு டைனமைற் அடிக்கிறேல்லை," என்றார் தங்கத்துரை.

"சம்மாட்டி," என்றான் லாபிர், "அக்கா நேரம் கேக்கிறா. நீங்க நெருப்புப்பெட்டி இல்லயெண்டுறீங்க."

இரத்தினேஸ்வரி மணலில் இருந்துகொண்டாள். தொலைபேசியில் இருந்த காலத்தில் அவள் படித்த பாடம் ஒன்று உண்டு: கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனிடம் அந்தக் கேள்வியை முன்னமே வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நான் டைனமைற் கேக்க வரேல்லை அண்ணை. நிலம் ஆடினதோ?"

"இல்லை. நான் நித்திரை."

"விடியப்புறத்திலை சம்மாட்டி நித்திரையோ?"

"சுகமில்லை."

"உங்கடை வீட்டுச் சுவரிலை கூரையிலை இருந்து நிலம்வரைக்கும் ஒரு கோட்டுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு இருக்கு."

"மழைக்கு வெடிச்சது."

"எந்த மழை?" என்றான் லாபிர். "எங்களுக்கும் கொஞ்சம் அனுப்புங்க. கிண்ணியாவில வயலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு."

வலை பொத்தியவர்களில் ஒருவன் சிரிக்கப் பார்த்து, சம்மாட்டியின் முகத்தைக் கண்டு அடங்கினான்.

"ஒரு கேள்விதான்," என்றாள் இரத்தினேஸ்வரி. "அண்டைக்கு மீன் வந்ததோ?"

தங்கத்துரையின் கையிலிருந்த ஊசி கண்ணிக்குள் பாதியில் நின்றது.

"வரல்ல," என்று லாபிரே சொன்னான். "நான் பாண் கியூவில நிண்டிட்டு அப்பிடியே மீன் கடைக்குப் போனன். பூனை மட்டும் இருந்திச்சு. அதுவும் பசியில இருந்திச்சு."

"கரை முழுக்க அதிர ஆரோ வெடி போட்டிருந்தால் அவ்வளவு மீனும் எங்கை போனது அண்ணை?"

"அதைத்தானே நாங்களும்..." தங்கத்துரை உதட்டைக் கடித்தார். கடித்துப் பயனில்லை, சொல் வெளியே வந்துவிட்டது.

"சொல்லுங்கோ."

"அதைத்தான் நாங்களும் கேட்டு அடிபட்டனாங்கள்." ஊசியை மணலில் குத்தினார். "நிலாவெளிப் பெடியள் போட்டவங்கள் எண்டு நாங்கள் நினைச்சம். அவங்கள் நாங்களெண்டு நினைச்சாங்கள். கிண்ணியா ஆக்கள் ரெண்டு பேரையும் நினைச்சினம். பங்கு தராமல் மீனை அள்ளி ஒளிச்சுப்போட்டியள் எண்டு ரெண்டு ஊருக்கும் அடிபிடி. பேந்து பொலிசு வந்து கேட்டால் என்ன சொல்லுறது? எங்கடை ஆக்களோ, அடுத்த ஊர் ஆக்களோ, காட்டிக் குடுக்கேலுமோ?"

"அப்ப ஆடினது?"

"ஆடினதோவோ! கட்டிலோடை என்னை ஒருக்கா வடக்கை தள்ளி ஒருக்கா தெற்கை இழுத்தது. சுவர் என்ரை கண்ணுக்கு முன்னாலை பிளந்தது."

"டைனமைற்றும் அப்பிடித்தானோ?"

"டைனமைற் ஒரு அடி. அதோடை சரி. இது சுளகிலை போட்டுப் புடைக்கிற மாதிரி." தானே சொன்னதைத் தானே கேட்டதுபோல அவர் வாய் திறந்தபடி நின்றது. "ஆனால் அக்கா, இந்தக் கரையிலை நிலம் அதிர்ந்தால் எங்களுக்கு ஒண்டுதான் நினைவு வரும். அதைக் கேட்டு வாற ஆளுக்கு ஒரு பதில்தான் வாயிலை வரும்."

லாபிர் இரத்தினேஸ்வரியைப் பார்த்தான். முப்பது வெள்ளைச் சிப்பியும் சிவப்பாகப் போகிறது. நாளை காலையில் வல்லிபுரம் வெளியே வரப்போகிறார்.

"அண்ணை, நாளைக்குக் கோட்டுக்கு வந்து இதைச் சொல்லுங்கோ. நீங்கள் ஒராள் சொன்னால் மற்ற ஆக்கள் பின்னாலை வருவினம்."

"பொலிசுக்குப் பெருவிரல் அடிச்சு எழுதிக் குடுத்திட்டம். ஆடேல்லையெண்டு."

"பயத்திலை சொன்னனாங்கள் எண்டு சொல்லுங்கோ."

"என்ன பயம் எண்டு கேப்பினம்."

"டைனமைற் எண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு ஒருத்தரும் போடேல்லைத்தானே?"

"அண்டைக்குப் போடேல்லை. மற்ற நாளையிலை?" தங்கத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆரிட்டை மருந்து வாங்கினனீங்கள் எண்டு கேப்பினம் அக்கா. அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஆரிட்டை?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வலையைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு மெய்யாய்த் தெரியாதோ?" என்றார் தங்கத்துரை, குரலைத் தணித்து. "துப்புப் பாக்கச் சொல்லி உங்களைப் பிடிச்சவள் சொல்லேல்லையோ?"

"பூரணமோ?"

"அவள் இந்த ஊர்ப் பெட்டை. தம்பிக்காரன்தான் இஞ்சை வெடி அடிக்கிறவன். மருந்து எங்கையிருந்து வரும்? அத்தான் வல்லிபுரம் கல்மலையிலை மருந்துக் காம்பராப் பூட்டின்ரை திறப்பு வைச்சிருக்கிறவர். மாசம் நாலு டைனமைற் குச்சி. விக்கிறதுக்கில்லை, மைத்துனன் எண்ட பாசத்திலை. அண்டைக்குப் பூரணம் தாய் வீட்டிலை நிண்டவள். நிலம் அதிர்ந்த கையோடை வீடு வீடாய் ஓடிவந்து காலிலை விழுந்து, 'ஆர் வந்து கேட்டாலும் ஒண்டும் உணரேல்லையெண்டு சொல்லுங்கோ' எண்டு மண்டாடினது ஆரெண்டு நினைக்கிறியள்? ஜீப் வந்து நிண்ட முதல் வாசலும் அவளின்ரைதான். முதல் பெருவிரலும் அவளின்ரைதான்."

வாடிக்குப் பின்னால் தட்டி அசைந்தது. பூரணம் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"தம்பி போட்டானெண்டு நினைச்சனான் அக்கா," என்றாள். "தம்பியைப் பிடிச்சால் இவரையும் பிடிப்பினம் எண்டு நினைச்சனான். ரெண்டு பேரையும் காப்பாத்திறன் எண்டுதான்... அவரை அங்கை பொலிசிலை வைச்சிருக்கினமெண்டு பின்னேரந்தான் தெரியும்."

"என்னட்டை வரேக்கை ஏன் சொல்லேல்லை?"

"வேறை எங்கையாவது ஆடினதை நீங்கள் கண்டுபிடிப்பியள் எண்டு இருந்தனான்."

"கண்டுபிடிச்சன். தோப்பூரிலை ஆடினது. கிளிவெட்டியிலை ஆடினது. உன்ரை ஊர்தான் பிள்ளை அதைப் பொய்யாக்குது."

பூரணம் குடத்தை அடுப்புக் கல்லுகளின்மேல் வைத்தாள். "நான் நாளைக்குப் போய்ச் சொல்லுறன். நான்தான் சொல்லச் சொன்னனான் எண்டு."

"பெண்சாதி புருசனுக்காக வாய் மாத்திறாள் எண்டுவினம்."

"சம்மாட்டி சொன்னால்?"

"சம்மாட்டி வாய் திறந்தால் ஏன் முதல் பொய் சொன்னனீர் எண்டு கேப்பினம். டைனமைற் எண்ட சொல் வரும். அதுக்குப் பின்னாலை உன்ரை தம்பி வருவான். தம்பிக்குப் பின்னாலை நாலு குச்சி வரும். மருந்தைக் களவாய் மச்சானுக்குக் குடுத்த மனுசன், 'நான் வெடிக்கேல்லை, நிலந்தான் ஆடினது' எண்டு சொன்னால் எந்தச் சட்டத்தரணி நம்பவைப்பான்?"

"சொல்லாட்டி?"

இரத்தினேஸ்வரி லாபிரைப் பார்த்தாள். ஒரு வழி சொல்வான், ஒரு பகிடியாவது சொல்வான் என்று. லாபிர் தன் செருப்பு நுனியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அக்கா, காக்காட ஊசியும் பெட்டிக்குள்ள," என்றான் கடைசியில்.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் கால்களுக்குக் கீழே ஒரு அடி. யாரோ நிலத்துக்கு உள்ளேயிருந்து தோளால் முட்டியதுபோல. பிறகு புடைப்பு: தங்கத்துரை சொன்ன அதே சுளகுப் புடைப்பு. வலையின் மிதப்புக் கட்டைகள் ஒன்றோடொன்று கடகடவென்று பேசின. பனைகளிலிருந்து காகங்கள் ஒரே வீச்சில் எழும்பின. அடுப்புக் கல்லில் இருந்த குடம் ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் மணலுக்குள் போயிற்று. சம்மாட்டி வீட்டுச் சுவரில் புதுச் சுண்ணாம்பு உதிர்ந்து, பழைய பிளவு மேலிருந்து கீழ்வரை திறந்துகொண்டது.

பிறகு ஒன்றுமில்லை. அலைச் சத்தம் மட்டும்.

கல்மலை இருக்கும் மேற்குப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வாடியிலிருந்த அத்தனை தலைகளும் கடலைத்தான் பார்த்தன. எங்கேயாவது வெள்ளையாக மீன் மிதக்கிறதா என்று, எந்தத் தோணி ஓடுகிறது என்று. கடலில் ஒரு தோணியும் இல்லை. அதைக் கண்ட பிறகும், பழகிய பழக்கத்தில், ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிர்ப்பக்கத்து வீடுகளில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துப்பட்டன. தங்கத்துரை மணலில் குத்தியிருந்த ஊசியைத் தேடி எடுத்து, விட்ட கண்ணியிலிருந்து பொத்தத் தொடங்கினார். பூரணம் வெறுங் குடத்தை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளும் யாரையும் பார்க்கவில்லை.

இரத்தினேஸ்வரி ஈர மணலில் எழுந்து நின்றாள். கூட்டத்துக்குக் கேட்கும்படி அவள் ஒருநாளும் பேசியதில்லை. குழாய்க்குள் பேசிப் பேசி அவளுடைய குரல் எப்போதும் ஒரு ஆளுக்கு அளவானதுதான்.

"ஒராள் வந்தாலே காணும். அண்டைக்குச் சொன்னதை ஒருத்தரும் மாத்த வேண்டாம். இப்ப நிலம் ஆடினதெண்டு சொல்ல உங்களிலை ஆர் என்னோடை வாறியள்?"